மீன்தொட்டி வரைக்கும்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதியை லாரி டிரைவர் தின்றுவிட்டு, "உங்க அக்காவுக்குக் கை தாராளம்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அத்தானையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

இங்கே எப்போதும்போலப் பனி. மலையின் வயிற்றுக்குள் எங்கள் மின்நிலையம். சுரங்கப் பாதையில் இறங்கிவிட்டால் பகலா இரவா என்று தெரியாது. டர்பைன் சுற்றுகிற ஓசை தலையணைக்குள்ளும் கேட்கும். செல்போனுக்கு இங்கே வேலையே இல்லை. கண்ட்ரோல் ரூமில் இருக்கிற ஒரே போனில் பேசினால் அத்தனை பேரும் காது கொடுப்பார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள். பஞ்சு என்று நான் பெயர் வைத்துக் கூப்பிட்டேனே, ஒரு தடவையாவது திரும்பினாளா? நீ கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. ஆனால் பிஸ்கட் டப்பா மூடி திறக்கிற சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறாள். காது நன்றாக இருக்கிறது. இரண்டரை வயதில் ஒரு பொருளை விரல் நீட்டிக் காட்டவில்லை. ஒரு வார்த்தை இல்லை. உங்கள் பிரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் அவளும் ம்ம்ம் என்று ஆரம்பிக்கிறாள். அது நின்றால் இவளும் நிறுத்துகிறாள். அதே சுருதி. இயந்திரச் சத்தம் கேட்டுச் சம்பாதிக்கிறவன் நான், சொல்கிறேன். என்னோடு வேலை செய்கிற ஒருத்தனுக்கும் அந்தக் காது இல்லை.

வாரம் ஒருமுறை மலையேறி வருகிற எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "தள்ளிப் போடாதீங்க. சீக்கிரம் பாத்தா சீக்கிரம் உதவலாம்" என்றார். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம் குழந்தை வளர்ச்சிப் பிரிவு இருக்கிறதாம். கூட்டிப்போ. ஒன்றுமில்லை என்று சொன்னால் நமக்கு ஒரு காலைப்பொழுதுதான் நட்டம்.

அங்கே நான் வாயெடுத்தபோதெல்லாம் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனாய். கடிதத்தை விட்டு எழுந்து போக முடியாது.

பதிலை எதிர்பார்க்கும்,
தம்பி


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் சுரங்கத்து ஈரத்தில் உன் மூக்கு என்ன பாடுபடுகிறதோ.

முதுகுவலி பரவாயில்லை. மாடி வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். அந்தம்மாள் காலை முதல் நாற்காலியை நகர்த்துகிறாள். அப்படி எத்தனை நாற்காலி வைத்திருக்கிறாள் என்று ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். உன் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அதிகம் என்று தாமதமாக வருகிறார்.

நீ மூன்று வயது வரை பேசவில்லை, தெரியுமா? பேச ஆரம்பித்த பிறகுதான் இந்த வாய். பஞ்சு தண்ணீர் வேண்டும் என்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாய் வரை கூட்டிப்போவாள். கதவு திறக்க வேண்டும் என்றால் கதவு வரை. அந்தச் சின்னக் கை எப்போதும் சில்லென்று இருக்கும். உலகத்தில் வேறு யார் கையையும் அவள் தொடுவதில்லை. எனக்கு அது போதும்.

நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடத்துக்குப் போயிருந்தோம். சுவர் நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி. அதன் வெளிச்சம் அவள் முகத்தில் நீலமாக அசைந்தது. ரொம்ப நேரம் நின்றாள். நானும் நின்றேன். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

நலம். மூக்கும் நலம். நாற்காலியைப் பற்றி எழுதினாய், மீனைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாயா, இல்லையா?

நான் பேசத் தாமதமானதை இதில் கொண்டுவராதே. நான் விரல் நீட்டிக் கேட்டிருப்பேன், அழுது காட்டியிருப்பேன், உன் முடியைப் பிடித்து இழுத்திருப்பேன். இவளுடைய கதை வேறு.

மணிக்கட்டு விஷயம். எழுதக் கஷ்டமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். கையைப் பிடிக்கும்போது உன் முகத்தைப் பார்க்கிறாளா? நான் இருந்த நாட்களில் பார்க்கவில்லை. அவள் உன்னைக் கூப்பிடவில்லை அக்கா. நாங்கள் ஸ்பேனரை எடுக்கிற மாதிரி உன் கையை எடுக்கிறாள். வேலை முடிந்ததும் கீழே போட்டுவிடுகிறாள். இதைத்தான் டாக்டர்கள் முதலில் கேட்பார்களாம்.

எங்கள் டர்பைன் பேரிங் கெட்டுப்போன பிறகா நாங்கள் போய்ப் பார்க்கிறோம்? தினமும் கை வைத்துப் பார்க்கிறோம். வாராவாரம் அதிர்வை அளந்து பார்க்கிறோம். உனக்கு ஒரு காலைப்பொழுது கிடைக்கவில்லையா?

உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மழையில் மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்து லாரி வரவில்லை. அதனால்தான் உன் கடிதம் கிடைக்கவில்லை என்று இருந்தேன். நேற்று லாரி வந்தது. சமையல்காரருக்குக்கூடக் கடிதம் இருந்தது.

போன வாரம் ஒரு கனவு. சுரங்கப் பாதையில் பஞ்சு முன்னால் நடந்து போகிறாள், வெறுங்காலோடு. சுவரில் நீர் வழிகிறது. ம்ம்ம் என்கிறாள். மலைக்கு உள்ளேயிருந்து டர்பைன் ம்ம்ம் என்கிறது. நான் பின்னாலேயே கத்திக்கொண்டு போகிறேன், அவள் பெயரை. இரண்டு பேருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. விழித்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நான் எழுதியது தப்பில்லை. எழுதிய விதம் தப்போ என்னவோ. இரண்டு வரி போடு, போதும்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் அக்காவுக்குப் பதில் நான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

மார்ச் மாதம் நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாய் ரொம்ப நேரம் திறந்தே இருந்தது. வெளியே வந்து, "மாடியில இன்னிக்கும் நாற்காலி நகத்துறாங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அன்றிலிருந்து ஒரு காரியம் செய்கிறாள். பஞ்சு வந்து மணிக்கட்டைப் பிடித்தால் கையை உருவிக்கொள்கிறாள். முகத்தைப் பார்க்கிறாளா என்று பார்க்கத்தான். குழந்தை பார்ப்பதில்லை. கை இருந்த இடத்தில் விரலை மூடி மூடித் திறந்துகொண்டு நிற்கிறது. பிறகு குழாய்க்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறது. "ஏன் இப்படிப் பண்றே?" என்றேன். "உங்க மச்சான் சொன்னதைச் சோதிச்சுப் பாக்கறேன்" என்கிறாள்.

என் கடைக்கு வருகிறவர்களில் சிலர், முன்னால் நிற்கிறவர் எழுத்துப் பலகையைப் படிக்கும்போதே மனப்பாடம் செய்துவிடுவார்கள். பார்வை நன்றாக இருக்கிறது என்று என்னிடம் நிரூபித்துவிட்டு, வெளியே போகும்போது கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்வார்கள். அவர்களை நான் திட்டுவதில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே, "மங்கலாத்தான் தெரியுது" என்பார்கள்.

எழுதாதே என்று சொல்லவில்லை. ஸ்பேனர் என்று எழுதாதே.

இப்படிக்கு,
அத்தான்


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. அத்தான் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

கையைக் கொடு, அக்கா. சோதிப்பதற்கு என்றுகூட எடுக்காதே. ஸ்பேனர் என்று எழுதினேனே, அந்த வரியைக் கிழித்துப் போடு. அந்தக் கடிதம் முழுவதையும் கிழித்தாலும் சரி.

மற்றதில் மாற்றமில்லை. ஒரு தடவை காட்டத்தான் வேண்டும். நானே வந்து கூட்டிப்போகிறேன் என்று லீவு கேட்டேன். எங்கள் சீப் இன்ஜினியர், "டர்பைனைப் பிரிச்சுப் போடற மாசம் நீ போயிட்டா, நாங்க சுத்தி உக்காந்து பாட்டுப் பாடறதா?" என்றார். "பாடுங்க சார், நல்லாத்தான் பாடுவீங்க" என்றேன். லீவு இல்லை. இருந்தாலும் மறுபடி கேட்பேன்.

பஞ்சுவுக்கு முத்தம். தொட்டால் பிடிக்காது என்றால் தூரத்திலிருந்தே கொடு.

தம்பி


மே 24

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கையைக் கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் நான் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது வந்து பிடித்தாள். சில்லென்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். எதற்கு என்றுகூடப் பார்க்கவில்லை.

உன் சீப் இன்ஜினியரோடு வம்பு வேண்டாம். வேலையைப் பார். நான் போகிறேன். அந்தப் பிரிவில் ஜூன் 11 தேதி கொடுத்திருக்கிறார்கள்.

என் மாமியாருக்கு இதில் சம்மதமில்லை. "ஓடுறா, ஆடுறா, சாப்பிடறா. நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு அங்க கூட்டிட்டுப் போய் ஒரு பேரு வாங்கிட்டு வரணும்?" என்கிறார். அவர் கேட்பதைத்தான் நானும் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கனவைப் படித்த பிறகு எனக்கும் ஒன்று வந்தது. பஞ்சு மீன்தொட்டிக்குள் இருக்கிறாள். மூச்சு முட்டவில்லை, சந்தோஷமாக இருக்கிறாள். என்னைப் பார்த்துப் பேசுகிறாள், தம்பி. நீளமாக, கதை சொல்வதுபோல. வார்த்தைக்கு ஒரு குமிழாக மேலே போய் உடைகிறது. நான் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஜில்லென்று இருக்கிறது. கேட்கவில்லை.

உன் அக்கா


ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

இங்கு நலம். உனக்குச் சளி எதுவும் இல்லையே?

பதினொன்றாம் தேதி நல்ல மழை. உன் அத்தானுக்குக் கடையில் ஆள் இல்லை, நான்தான் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அங்கே கூட்டம். பஞ்சு வழக்கம்போல மீன்தொட்டி முன்னால் போய் நின்றுகொண்டாள். அந்த ஆரஞ்சு மீனைக் காணோம், செத்துப்போயிருக்க வேண்டும். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காத்திருக்க முடியவில்லை. வேறு தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜூலை 2.

மழை விட்டதும் வெயில் அடித்தது. தெருவெல்லாம் பளபளவென்று இருந்தது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இல்லை. டர்பைனைப் பிரித்தாயிற்று, மாட்டியும் ஆயிற்று. மூன்று வாரமாக மலை முழுக்க மௌனமாக இருந்தது, நேற்று மறுபடி சுற்ற விட்டோம். ஓசை வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பிரிட்ஜ் ஞாபகம் வந்தது.

வழக்கம்போல என்று எழுதியிருக்கிறாய். முதல் தடவை போகிற இடத்தில் என்ன வழக்கம்? செத்துப்போன மீனின் நிறம் உனக்கு எப்படித் தெரியும்? உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நான் வருவதற்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போனதாக எழுதியிருக்கிறாய், என்ன இடம் என்று எழுதவில்லை.

ஏதோ நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று இத்தனை நாள் உனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் கேட்க மாட்டேன். ஜூலை ஒன்றாம் தேதி அங்கே இருப்பேன். சீப் இன்ஜினியர், "போய்த் தொலை" என்று கையெழுத்துப் போட்டார். நான் உள்ளே வரவில்லை. வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன், அது உனக்கே தெரியும். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீ அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போ.

தம்பி


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். என் மாமியார் மட்டும், "இவ்வளவு பேசறவன் ரெண்டு நாள் வாயே திறக்கலையே, உடம்பு சரியில்லையா?" என்று உன்னைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

உள்ளே நடந்ததை நீ கேட்கவில்லை. பஸ்ஸிலும் கேட்கவில்லை. நீ கேட்காமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. எழுதுகிறேன்.

சின்ன அறை. தரையில் பாய். சோதிக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஜடையைத் தூக்கிக் கட்டியிருந்தாள். மூடி போட்ட டப்பாவுக்குள் ஒரு பம்பரத்தைப் போட்டு பஞ்சு முன்னால் வைத்தாள். நான் உடனே கையை நீட்டினேன். "அம்மா, உங்க ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பஞ்சு டப்பாவைப் பார்த்தாள். என் பக்கம் வந்து கையைத் தேடினாள். மடியில் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. அப்போது எனக்கு அந்த ஏப்ரல் மாதம் முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. குனிந்து என் தொடைக்கு அடியில் விரலை விட்டு, முழு பலத்தோடு, என் கையை வெளியே இழுத்தாள். எழுதவே சிரிப்பு வருகிறது. அங்கே அழுதேன்.

நானே சொன்னேன் அந்தப் பெண்ணிடம்: "இது என்னைக் கூப்பிடறதில்லையாம். சும்மா கையை எடுத்துக்கறாளாம். என் தம்பி சொன்னான்." அவள் எழுதிக்கொண்டே, "உங்க தம்பி சொன்னது பாதி சரி. முகத்தைப் பாக்கலை, அது உண்மை. ஆனா கேக்கணும்னா யார்கிட்ட வரணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கே. நாம இங்கேருந்துதான் ஆரம்பிக்கப் போறோம்" என்றாள்.

பெயரையும் சொன்னாள். ஆட்டிசம். இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுப்பார்களாம். பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாமாம், வாரம் இரண்டு நாள் வரச் சொன்னாள். உன் அத்தான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்.

நீ கேட்காத இன்னொன்று. ஜனவரியில் நான் தனியாகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் மீன்தொட்டி முன்னால், நான் அவள் பின்னால். கவுண்டரில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். நாங்கள் இருவருமே திரும்பவில்லை. ஜூனிலும் அதேதான்.

நீ பக்கத்தில் இருந்த அன்று அந்தக் கவுண்டர் அம்மாள், "இன்னிக்காவது உள்ள போவீங்களா?" என்று கேட்டாளே, நீ ஏதோ மீனை எண்ணுகிற மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழை நின்றுவிட்டது. பனி மறுபடி வந்து வாசலில் நிற்கிறது.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதி சரி என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. எந்தப் பாதி தப்பு என்று எனக்கே தெரியும்.

பயிற்சி தொடங்கி ஆறு வாரம் ஆயிற்று. முன்னேற்றம் எப்படி? பேச்சு உண்டா? பார்வை உண்டா? மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியுமா? சிரிக்காதே. எனக்கு இப்படித்தான் கேட்கத் தெரியும். புதிதாக ஆரஞ்சு மீன் விட்டார்களா?

உன் முதுகைக் கவனி. எல்லோருக்கும் அன்பு.

தம்பி


செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். சிரித்தேன், உன் அத்தானுக்கும் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார்.

பேச்சு இல்லை. ஆரஞ்சு மீன் இல்லை, ஒரு கறுப்பு மீன் விட்டிருக்கிறார்கள். மாடி வீட்டு அம்மாளைப் போய்ப் பார்த்தேன். இருப்பதே ஒரு நாற்காலிதான். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே அதை நகர்த்திக்கொண்டே போகிறாள், பாவம், கால் வலியாம்.

எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பஞ்சு மணிக்கட்டைப் பிடித்தால் கையைக் கொடுக்க வேண்டும். உருவக் கூடாது. ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் போனதும் கையை அப்படியே சும்மா விட்டுவிட்டு, அவள் உயரத்துக்குக் குனிந்து காத்திருக்க வேண்டும். அவசரப்படாமல். உனக்கு வராது இந்த வேலை.

நேற்றுக் காலை. குழாய் வரைக்கும் கூட்டிப் போனாள். என் கையைத் தூக்கிக் குழாய் மேல் வைத்தாள். நான் திறக்கவில்லை. குனிந்தேன். பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, அவளும் கூடவே ம்ம்ம் என்றுகொண்டிருந்தாள். பிரிட்ஜ் நின்றது. அவளும் நிறுத்தினாள். வீடே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. என் கையைப் பார்த்தாள். கை அசையவில்லை. அந்தக் கை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறவள்போலக் கண்ணாலேயே மெதுவாக மேலே வந்தாள். முழங்கை. தோள். கழுத்து. தாடை. தாடையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குழாய்க்கே திரும்பிவிட்டாள்.

திறந்துவிட்டேன்.

நான் மீன்தொட்டி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தவள்தானே. அவளை அவசரப்படுத்த எனக்கு வாயில்லை.

சதவீதம் கேட்டாயே. தாடை வரைக்கும்.

அன்புடன்,
அக்கா